கண்டக்குளி வாசலில் நான்கு சோடிச் செருப்பு

காலை எட்டரைக்குப் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ், தில்லையடியில் எங்கள் வீட்டுச் சந்தான ஒழுங்கைக்கு நேரே நிற்கும். அன்று நான் அங்கே ஏறவில்லை. அடுத்த தரிப்பிடம்வரை நடந்துபோய் ஏறினேன். முகத்தையும் மூடியிருந்தேன். தலையை மூடுவது என் வழக்கம், முகத்தை மூடுவதில்லை. அந்தத் திரையை உம்மாதான் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித் தந்தார்.

பாட்டுக் கேட்கப் போகிறேன் என்று உம்மாவிடம் உண்மையைத்தான் சொன்னேன்.

"பாட்டுக் கேக்கவா? கண்டக்குளிக்கா? கையில இருக்கிற போன்ல கேளன் புள்ள."

"அங்க பெரிய சவுண்ட் செட்ல போடுறாங்க உம்மா. நாலே பேர்தான்."

உம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் அந்தத் திரையோடு திரும்பி வந்தார். பிறகு, "அஸர் தொழுகைக்கு முந்தி வந்துரு. ஒருத்தரும் காணப்படாது. கம்பஸ் போற நேரத்தில கதை ஒண்டு கிளம்பிச்செண்டா உன்ட பெரியவாப்பா விடமாட்டார், தெரியும்தானே" என்றார்.

எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் எழுதிய முதல் ஆள் நான். வாப்பா மன்னாரிலிருந்து வந்தபோது ஐந்தாம் வகுப்பு, அதோடு சரி. பாலாவிக்கு அந்தப்பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறார். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது என்று தெரிந்த அன்று அவர் புத்தளம் டவுனுக்குப் போய், நீலப் பட்டி வைத்த ஒரு சோடிச் செருப்பு வாங்கி வந்தார். "கம்பஸுக்குப் போட்டுட்டுப் போ" என்றார். அவரைச் சம்மதிக்க வைத்தாயிற்று. அவருடைய மூத்த சகோதரரான பெரியவாப்பாவை இன்னும் முழுதாகச் சம்மதிக்க வைக்கவில்லை. கண்டக்குளியில் பொடியன்மாரோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டாள் என்ற ஒரு கதை போதும், பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அப்படியானால் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேலாக நான் ஒரு கைபேசிக் குழுவில் இருக்கிறேன். பிடித்த இசைக்குழுக்கள், இசைத்தட்டுகள், போய்வந்த கச்சேரிகள் பற்றி மட்டும் பேசும் குழு. நூற்றுக்கு மேற்பட்டவர்கள், அநேகமாக எல்லோரும் புனைபெயரில். நான் 'உப்புக்காற்று'. 'கறுப்பு நாடா' என்று ஒருவரும் இருந்தார். அவரும் நானும் 'ஏழாம் மைல்' இசைக்குழுவின் முதல் இசைத்தட்டா இரண்டாவதா சிறந்தது என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். இருவரும் குரல் பதிவு அனுப்புவதே இல்லை. எழுத்தில்தான் சண்டை. அவ்வளவு பேசியும் நான் அந்த இசைக்குழுவின் மேளத்தை ஒருநாளும் உரக்கக் கேட்டதில்லை. காதுக்குள் வைக்கும் சின்ன இயர்போனில், அதுவும் ஒரு பக்கம் பழுதான ஒன்றில், போர்வைக்குள் கேட்டதுதான். முழுதாகக் கேட்காத ஒன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதுகிறேனே என்ற கூச்சம் எனக்கு இருந்தது. கற்பிட்டிக்குப் பக்கத்துக் கண்டக்குளியில் நாலு பேர் கூடி உரக்கக் கேட்கலாம் என்று கைபேசிக் குழுவில் வந்ததும் ஓம் என்றுவிட்டேன்.

பஸ்ஸில் ஒரேயோர் ஆசனம்தான் காலி. பக்கத்தில் முகம் மூடிய பெண் ஒருவர். உட்கார்ந்தேன். பாலாவிச் சந்தியில் பஸ் வலப்பக்கம் திரும்பியது. கற்பிட்டிக்கு இன்னும் நாற்பது கிலோமீற்றர் அளவில். ஒரு பக்கம் உப்பு வயல். வெள்ளைக் குவியல்கள் தென்னோலை மூடிக் கிடந்தன. வாப்பா அங்கே எங்கேயாவது நிற்கிறாரா என்று பார்க்காமலிருக்கத் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் பக்கத்துப் பெண்ணும் குனிந்திருப்பதைக் கண்டேன். அவர் என் நீலப் பட்டிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கத்தம், மௌலூது என்று ஓதுவதற்கோ, பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கோ எந்த வீட்டில் பெண்கள் கூடினாலும் வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். ஒரே கறுப்பு அபாயா அங்கியில் வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் இனங்காண்போம். பிந்தி வருகிறவர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். உள்ளே யார் யார், யாரோடு யார் வந்திருக்கிறார் எல்லாம் தெரிந்துவிடும். இந்த ஊரில் வளர்ந்தவள் நான். முகத்தை மூடினேன், செருப்பை மறந்தேன்.

கால்களை ஆசனத்துக்கடியில் இழுத்தேன். இழுக்கும்போது அவருடைய செருப்பைக் கண்டேன். கறுப்புத் தோல், பெருவிரல் பட்டியில் இரண்டு சின்ன வெள்ளி வளையம். ரிஹானா ராத்தா. எனக்கு அக்கா வயது, எங்கள் ஒழுங்கை முகப்பில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவரின் மனைவி. அவருடைய மாமியார்தான் எங்கள் ஊரின் செய்தி நிலையம்.

வேறு ஆசனம் ஏதும் காலியா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

நடத்துநர் வந்தார். குரல் கேட்டால் இன்னும் உறுதியாகிவிடும் என்று பேசாமல் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். இறங்கும் இடத்தைச் சொல்லாமலிருக்க, பஸ்ஸின் முன்கண்ணாடியில் தொங்கிய 'கற்பிட்டி' பலகையைக் கையால் காட்டினேன். ரிஹானா ராத்தாவும் பேசாமல் அதே பலகையைக் காட்டினார்.

"இதென்ன, ரெண்டு பேரும் ஊமைப் படமா ஓட்டுறீங்க?" என்றார் நடத்துநர். "கற்பிட்டிக்கு ரெண்டு. மாத்தின காசு இல்லாட்டி அதையும் கையால காட்டுங்க."

முன்னாசனக்காரர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

கரம்பை, நுரைச்சோலை. அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி வெகுதூரம் எங்களோடேயே வந்தது. வெங்காயத் தோட்டங்களில் நீர் தெளிகருவி சுற்றியது. இவற்றையெல்லாம் ரசிக்க வந்த பயணம்தான். ஆனால் நான் கண்டது நாலு கால்களை. என்னுடையவை ஆசனத்துக்கடியில். அவருடையவையும் இப்போது ஆசனத்துக்கடியில்.

பத்து மணி இருக்கும், கண்டக்குளிச் சந்தி. ஒரு திட்டம் போட்டேன்: கற்பிட்டிக்கு டிக்கட் எடுத்தவள் இங்கே இறங்குவாள் என்று அவர் எதிர்பார்க்கமாட்டார்; பஸ் புறப்படும் நேரத்தில் சட்டென்று குதித்துவிடலாம். அப்படியே செய்தேன். திரும்பிப் பார்த்தால் அவரும் இறங்கி நிற்கிறார்.

"கற்பிட்டி இன்னும் வரேல்ல! காசு கூடிப்போச்சா உங்களுக்கு?" என்று நடத்துநர் கத்தியது காற்றில் போனது.

பேசாமல் ஒரு முச்சக்கரவண்டியில் ஏறினேன். கடற்கரைக்கு இருநூறு ரூபாய். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்தப் பருவத்தில் மேற்குக் கடல் முரடு. மீனவர்கள் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். பட்டம் பிடித்து அலைமேல் ஓடும் வெள்ளைக்காரர்கள் வருவார்கள்.

"பின்னால வாற வண்டியில உங்கட ஆக்களா?" என்று சாரதி கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

நான் திரும்பவில்லை. "இல்ல" என்றேன். ரிஹானா ராத்தாவை அவருடைய மாமியார்தான் அனுப்பியிருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன். வாப்பாவிடம் என்ன சொல்வது என்று வசனங்களை அடுக்கத் தொடங்கினேன்.

கண்டக்குளியில் எங்களைக் கூட்டியவள் டில்ருக்‌ஷி, குழுவைத் தொடங்கியவள். அவளுடைய அண்ணன் கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கிறவர். மீனவர்கள் விட்டுப்போன ஒரு மீன்வாடிக் குடிசைக்குள், என் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்திருந்தார்கள். மணல் போகாமல் தரை முழுக்கப் பாய். வாசலில் செருப்பைக் கழற்றினேன். முந்தல் இறால் பண்ணையில் வேலை செய்யும் நிரோஷன் ஏற்கெனவே வந்திருந்தான்.

"அனே, உப்புக்காற்றா? இவ்வளவு சின்ன ஆளா? எழுதுறதப் பாத்தா ஐம்பது வயசு வாத்தியார் எண்டு நெனச்சன்!" என்று டில்ருக்‌ஷி கையைப் பிடித்தாள். நான் வாசலையே பார்ப்பதைக் கண்டு, "ஏய், என்ன?" என்றாள்.

இரண்டாவது முச்சக்கரவண்டி வந்து நின்றது. ரிஹானா ராத்தா இறங்கி, வேலியருகே அசையாமல் நின்றார்.

"ஆரு நீங்க?" என்று டில்ருக்‌ஷி கேட்டாள்.

காற்றில் பாதிதான் கேட்டது. "கறுப்பு நாடா" என்றார் அவர்.

உள்ளே வந்து முகத்திரையை விலக்கினார். "நீங்க என்னை வேவு பாக்க வந்தீங்கண்டு நெனச்சன்" என்றார் என்னிடம். "மாமிதான் அனுப்பினா எண்டு. உம்மா வீடு கற்பிட்டியில, அங்க போறதா சொல்லித்தான் வந்தன். உங்கட செருப்பக் கண்டதில இருந்து எனக்கு மூச்சே வரேல்ல."

"நானும் உங்கட செருப்பத்தான் ராத்தா..."

"முதலாவது இசைத்தட்டுத்தான் நல்லமெண்டு சொன்ன ஆள் நீங்களா?"

"ஓம்."

"அப்ப பயப்பட வேண்டியதுதான்" என்றார். அப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

குழுவின் சட்டம் இதுதான்: ஆளுக்கு ஒரு பாட்டு, முடியும்வரை ஒருவரும் வாய்திறக்கக் கூடாது, பிறகு கொண்டுவந்தவர் அதற்காக வாதாட வேண்டும். டில்ருக்‌ஷி, திருகோணமலைக் கடற்கரையில் தான் நேரில் கேட்ட கச்சேரியின் பதிவைப் போட்டாள். நடுவில் மின்சாரம் போய்விடுகிறது. மேளக்காரர் மட்டும் நிறுத்தாமல் அடிக்கிறார். சனம் சேர்ந்து பாடுகிறது. "நான் அந்தச் சத்தத்துக்குள்ள இரிக்கிறன்" என்றாள். பிறகு என் முறை. 'ஏழாம் மைல்' முதல் இசைத்தட்டின் கடைசிப் பாட்டு. முதல் அடி விழுந்ததும் அது காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது. காலையிலிருந்து அங்கே அடித்துக்கொண்டிருந்த பயத்தின் மேலேயே வந்து அடித்தது. சில நிமிடங்கள் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. இவ்வளவு நாளும் நான் எழுதியது சரிதான் என்று மட்டும் தெரிந்தது. பெருமையாக இருந்தது.

நிரோஷனுடைய பாட்டின் நல்ல இடத்தில், பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான ளுஹர் வாங்கு கேட்டது. ராத்தாவும் நானும் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே பொத்தானுக்குக் கைநீட்டினோம்.

"கிற்றார் வாற நேரம்!" என்று அவன் தலையில் கைவைத்தான். "சரி சரி, முடியட்டும். நாங்களும் கோயில் மணிக்கு நிப்பாட்டுறதுதான். ஆனா கிற்றார் வாற நேரம்!"

அந்த அமைதியில்தான் அது நடந்தது. எங்கள் மூவரின் கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. நிரோஷன் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். பெட்டிகளின் நிழல், திறந்த கதவு, அப்பால் கடல், வாசலில் நான்கு சோடிச் செருப்பு. 'இண்டைக்குக் கூடினவங்க' என்று எழுதியிருந்தான்.

"அழிங்க!" என்று ராத்தா கத்தினார்.

"ஏன் அக்கா? ஒருத்தர்ட முகமும் வரேல்ல. பாத்துத்தான் எடுத்தன். வெறும் செருப்பு."

"எங்கட ஊரில அதுதான் முகம்" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்து உடனே அழித்தான். அதற்குள் சிலர் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் ஒரு பெயர்: 'உப்பளத்துப் பொடியன்'. யாரென்று டில்ருக்‌ஷிக்கும் தெரியாது. எந்த உப்பளம் என்றும் தெரியாது.

ராத்தா தன் பாட்டைப் போடவேயில்லை. முகத்திரையைக் கட்டிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனார். போகுமுன், "றோட்டில கண்டா நான் உங்களத் தெரியாத மாதிரித்தான் போவன், குறை நினைக்கப்படாது" என்றார்.

இரண்டு மணி பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றேன். அங்குள்ள கடையில் இறப்பர் செருப்பு தொங்கியது, இருநூற்றைம்பது ரூபாய். கையில் காசு இருந்தது. நீலச் செருப்பை ஒரு பையில் சுற்றி எறிந்துவிட்டு, பஸ்ஸில் தொலைந்தது என்று சொல்லலாம். கடைக்காரர், "எந்த அளவு மகள்?" என்றும் கேட்டார். குனிந்து பார்த்தேன். வாப்பா வாழ்நாளில் எனக்காகத் தன் விருப்பத்தில் தெரிவு செய்த ஒரே பொருள். கம்பஸுக்குப் போட வாங்கியதை, கம்பஸுக்குப் போவதற்காகவே எறிவதா? "வேணாம்" என்றேன். அந்த முடிவுக்காகப் பாலாவி வரும்வரை என்னையே ஏசிக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் வாப்பா கதிரையில் இருந்தார். அன்று வேளைக்கே வந்திருந்தார்.

"எங்க போன?"

"கண்டக்குளிக்கு. கூட்டாளி வீட்ட."

அவர் என் காலைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்ததாகத் தோன்றியது. "செருப்பு முழுக்க கடல் மணல்" என்றார். குனிந்து, இரண்டையும் எடுத்து, படியில் தட்டி, பட்டிக்குள் இருந்த மணலை விரலால் துடைத்து, சோடியாக வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஏதும் தெரியுமா என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் மௌலூது. பிந்திப் போனேன். வாசலில் ரிஹானா ராத்தாவின் செருப்பு, அவருடைய மாமியாரின் செருப்போடு ஒட்டிக் கிடந்தது. வெள்ளி வளையங்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் சின்ன ஓட்டைகள். உள்ளே அவர் என்னைப் பார்த்து, "இது ஆர்ட மகள் மாமி?" என்று உரக்கக் கேட்டார். மாமியார் என் வம்சத்தையே ஒப்புவித்தார். நான் சிரிக்காமல் நின்றேன்.

இதை இப்போது கம்பஸ் விடுதியிலிருந்து எழுதுகிறேன். இங்கே கதவுக்கு வெளியே இருபது சோடி கிடக்கும். யாருடையது எது என்று எவருக்கும் அக்கறையில்லை. கண்டக்குளி வாடியிலும் அந்தப் படம் வரும்வரை அப்படித்தான் இருந்தது. அந்தச் சுகம் எனக்கு இன்னும் பழகவில்லை. என் சோடியைக் கதவுக்குப் பின்னால்தான் வைக்கிறேன். 'உப்பளத்துப் பொடியன்' யாரென்று தெரியவில்லை. அவரும் யாருக்கோ பயந்துதான் அந்தப் பெயரில் இருக்கிறாரோ என்று சில நாட்களில் நினைப்பேன். சில நாட்களில் அப்படி நினைக்கவும் பயமாக இருக்கும். 'கறுப்பு நாடா' அன்று போடாத பாட்டைப் போன மாதம் அனுப்பினார். இரண்டாவது இசைத்தட்டிலிருந்து. நல்ல பாட்டு. அதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

படிப்பவர்களில் எங்கள் ஒழுங்கைக்காரர் யாரும் இருந்தால் தேடி மினக்கெட வேண்டாம். ராத்தாவின் பெயரை மாற்றியிருக்கிறேன். பெயரைவிடக் கவனமாக, அவருடைய செருப்பை மாற்றியிருக்கிறேன்.