விசிறியோடு நின்ற தோழி

மேடையை விட்டு இறங்கி, அப்படியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் ஆண்கள் ஒரு பழைய சோக நாடகம் போடுவார்கள். இந்த வருஷம் பெண்கள் போடுகிறோம் என்று வாயை விட்டவள், இந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரான நான்தான்.

"பொம்பளைங்க போட்டா பாதிலயே புட்டுக்கும்" என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அந்த ரோஷத்தில் இருபது நாள் ஒத்திகை நடத்தினேன்.

கதை இதுதான். ராஜாவின் தம்பி பாலில் விஷம் கலப்பான், ராஜா குடித்துச் சாவார், ராணி அழுது அழுதே உயிரை விடுவாள்.

விஷம் கலக்கும்போது பக்கத்தில் ஒரு தோழி விசிறியோடு நிற்பாள். வசனம் கிடையாது. அந்த வேஷத்தைக் கௌரி அக்காவுக்குக் கொடுத்தேன். ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். (சும்மா நிற்பதற்கு ஒத்திகை எதற்கு என்று சொன்னதும் நானேதான். எனக்கு நன்றாக வேண்டும்!)

இன்று சாயங்காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. தம்பி பொடியைக் கொட்டியாயிற்று. ராஜா சொம்பை வாய்க்குக் கொண்டு போனார்.

"குடிக்காத ராஜா! அதுல விசத்த கலந்துகிறான்!"

கத்தியதோடு நிற்கவில்லை. கௌரி அக்கா விசிறியாலேயே சொம்பைத் தட்டிவிட்டார். மேடை முழுக்கப் பால்.

எனக்கு உயிரே போய்விட்டது. திரையை இழுத்து மூடினேன்.

"இன்னாக்கா பண்ணிட்ட? ராஜா செத்தாதானே கதையே?"

அக்கா விசிறியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"தண்ணில வரிசையா போவ சொல்ல, முன்னால போறவ காலுக்குப் பள்ளம் தட்டுனா சத்தம் குடுக்கணும் டீச்சர். இல்லனா பின்னால வர்றவ முழுகிப் பூடுவா. இந்த நாடகத்த எத்தினி வருசமா பாக்குறேன், கீழ குந்திக்கினு பாக்க சொல்ல ஒண்ணும் தெரில. இன்னிக்கி பக்கத்துல நிக்கிறேன், என் கண்ணு முன்னால கலக்குறான். எப்டி கம்முனு இருக்கறது?"

அந்தத் தோழி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தச் சோகமே கிடையாது. இருபது நாளில் எனக்கு இது தோன்றவே இல்லை.

அந்தப் பெரியவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"சின்ன வயசுல அந்தத் தோழி வேசம் நான்தாம்மா கட்டுவேன்" என்றார். "பதினோரு வருசம் விசிறிக்கினு நின்னேன். ஒருவாட்டி கூட அந்தச் சொம்ப நான் பாக்கல."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்றைய ஆட்டம் அதோடு நின்றது. நாளைக்கு இரண்டாம் நாள் ஆட்டம். அதே வேஷம்தான் வேண்டும் என்கிறார் கௌரி அக்கா. அவர் பக்கத்தில் நிற்கும்போது ராஜாவை எப்படிச் சாகடிப்பது? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.