மலைக்குக் குரல் கொடுத்த வசந்தா அக்கா

வசந்தா அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது நான் அவருடைய ஸ்டுடியோவைத் திறந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வரை என்னோடு வேலை பார்த்தவர். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் பயம் வந்தது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

செஞ்சிக் கடைத்தெருவில் அவருடைய போட்டோ ஸ்டுடியோவை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஜப்பானிய அனிமேஷன் படம் போடுவார். அருவி வரைந்த திரைச்சீலையைத் திருப்பிவிட்டால் வெள்ளைத் திரை. கீழே ஓடும் எழுத்தைப் படிக்க நமக்குப் பொறுமை ஏது? சத்தத்தை நிறுத்திவிட்டு படத்தில் வரும் எல்லோருக்கும் அவரே நம்ம ஊர்ப் பேச்சில் குரல் கொடுப்பார். காட்டை வெட்டுகிறவனுக்கும் அவர்தான், காட்டுக்கும் அவர்தான். வெட்டுகிறவனை ஒருநாளும் கெட்டவனாகப் பேசியதில்லை. "அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குது இல்ல?" என்பார்.

என் வீட்டுக்காரர் கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவர். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒரு ஞாயிறு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அன்றைய படத்தில், குடைந்து குடைந்து ஓட்டையாகிப்போன மலை ஒன்று கண் திறந்து பார்க்கும். "என்னைய ஒரு வார்த்த கேட்டியாடா?" என்று மலைக்காக அக்கா மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

குவாரியில் வெள்ளிக்கிழமைதோறும், வெடி வைக்குமுன் பாறைக்குச் சூடம் ஏற்றி ஒரு தேங்காய் உடைப்பார்கள். என் வீட்டுக்காரர் போய் என்ன சொன்னாரோ, அடுத்த வெள்ளி மூன்று தேங்காய் உடைத்தார்கள். வெடி மட்டும் குறையவில்லை. நான் சொன்னதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஜப்பான்லயும் மரத்துக்குக் கயிறு கட்டிக் கும்பிடறாங்க, நம்மளும் கும்பிடறோம். மன்னிப்ப முன்னாடியே வாங்கிக்கினா செய்யறது சரின்னு ஆயிடுமா?"

போன மாதம் வெடித்தபோது ஒரு பாறைப் பாளம் இவர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சரிந்தது. "வேலைய உட்டுட்லாமா?" என்றார் இவர். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அக்காவிடம் ஓடினேன். அவர் தைரியம் சொல்லவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குது. பயப்படு. பயம் உட்டுப்போச்சின்னா நாம இன்னா வேணா செஞ்சிடுவோம்" என்றார்.

நேற்று ஞாயிறு. வழக்கமாக வரும் நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். "நீ பேசு" என்றீர்கள். அதே மலைப் படத்தை ஓடவிட்டேன். குடைகிறவனின் பேச்சு தடையில்லாமல் வந்தது. வீட்டில் தினம் கேட்பதுதானே. மலை கண் திறந்ததும் அக்கா கேட்ட அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. பின்வரிசையிலிருந்து மலைக்காக என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது: "போதும்டா, உட்டுடு. வலிக்குது."

இன்று காலையில் இவர் குவாரிக்குக் கிளம்பிப் போனார். அக்கா எனக்கு விட்டுப்போனது அவருடைய பயம்தான். அதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விளக்கு வைத்து நேரமாகிவிட்டது; இதை எழுதி முடிக்கும் இந்த நேரம்வரை இவர் வீடு திரும்பவில்லை.