செல்வதாஸ் திருந்திய கதை

கருங்கல் சந்தையில் கருப்புக்கட்டி வியாபாரம் செய்த செல்வதாஸுக்குக் குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. மனைவி நேசபாயை மட்டும் அவர் ஒருநாளும் தொட்டு அடித்ததில்லை. இதை இன்று எழுதினாலும் எங்கள் சபையில் நம்ப ஆளில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திமூன்றில், பிள்ளை பெற்ற கையோடு நேசபாயின் கால் வெளுத்து வீங்கியது. காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, நெஞ்சுக்கு ஏறினால் ஆபத்து என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார் டாக்டர். வேறு மருந்து எதுவும் தின்னக்கூடாது என்றார். தின்னவுமில்லை. தலைவலிக்குக் கட்டன்காப்பியோடு விழுங்கும் ஆஸ்பிரினை இங்கே யார் மருந்து என்று நினைக்கிறார்கள்?

வீக்கம் வற்றியது. ஆனால் கையிலும் முதுகிலும் நீலம் நீலமாகக் கன்றியது. கோயில் கிணற்றடியில் சபைக்காரி ஜெபகுமாரி அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இது என்ன?"

"தானா வருதுக்கா."

"தானாவா? எங்க வீட்டுக்காரரு அடிச்சப்ப நானும் இப்பிடித்தான் சொன்னேன்."

கிணற்றடிப் பேச்சு பரவி, செல்வதாஸை விசாரிக்கச் சபைக் கமிட்டி கூடியது. எல்லாம் மாத்திரையால் வந்தது என்றார் அவர்.

"மாத்திரை தின்னா அடிபட்ட தடம் வருமாவேய்?" என்றார் மூப்பர் ஜஸ்டஸ். எல்லாரும் சிரித்தார்கள்.

"டாக்டர்ட்ட கேளுங்க" என்றார் செல்வதாஸ்.

"கேக்கதுக்கு இது என்ன காய்ச்சலா?"

கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்திலிருந்து அவரை விலக்கினார்கள். வீட்டுக்கு வந்த செல்வதாஸ் மாத்திரைக் குப்பியைக் கிணற்றில் எறிந்தார்.

"நெஞ்சுக்கு ஏறும்ணு சொன்னாரே?" என்றாள் நேசபாய்.

"காலு வத்தியாச்சுல்லா. ஒனக்க மேலு தெளியட்டும், அப்பறம் எவன் பேசுகான்னு பாப்போம்."

நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. சபைக்கு ஒரே சந்தோஷம். "கண்டிச்சதும் ஆளு திருந்திட்டான், பாத்தியா?" என்று பேசிக்கொண்டார்கள். அவரைத் திரும்பவும் திருவிருந்துக்கு அழைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னே போய் முழங்கால்படியிட்டிருக்க, பெண்கள் பக்கத்தில் நேசபாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிற்று.

"ரெண்டு மாத்திரையும் சேந்துதான் தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. நிறுத்த வேண்டியது தலைவலி மாத்திரையை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

கல்லறைத் தோட்டத்தில் ஜஸ்டஸ் அவர் தோளில் கை வைத்தார். "விசாரப்படாத மக்கா. கடைசி நாளிலயாவது அவளைச் சமாதானமா வச்சிருந்தியே."

சுற்றி நின்றவர்கள் ஆமாமென்று தலையாட்டினார்கள்.