நெத்திலிக்குச் சுமைகூலி

போன வாரம் துபாயிலிருந்து ஜெரால்டு போன் செய்தான். என் அக்காள் மகன், அங்கே வெல்டர்.

"மாமா, பணம் ஒரு பைசா கொறையாம திரும்பி வந்துட்டு!"

அவனுக்குச் சந்தோஷம். எனக்கு?

நான் மீன்பிடிக்கப் போகும் வள்ளத்து இஞ்சின் பாழாய்ப் போனதை முன்பு இங்கே எழுதியிருந்தேன். அதன்பிறகு பக்கத்து ஊரில் பழைய இஞ்சின் ஒன்று விலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் பணம் தந்தால் எனக்கு. இல்லையென்றால் எங்கள் கரையின் இன்னொரு வள்ளக்காரன் அந்தோணிக்கு.

ஜெரால்டு மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் கிள்ளி பிட்காயின் வாங்கி வைத்திருந்தான். இஞ்சினுக்காக அதை நாகர்கோவிலில் இருக்கும் கூட்டாளிக்கு அனுப்புவான். கூட்டாளி எனக்கு ரூபாயாகத் தருவான். ஏற்பாடு அதுதான்.

புதன்கிழமை அனுப்பினான். சனிக்கிழமையும் வரவில்லை. போன் செய்தேன்.

"எங்கலே நிக்குது?"

"வரிசையில மாமா. கணக்குல ஏத்துறவனுக்குக் கூலி உண்டு. எவன் கூடுதல் வைக்கானோ அவனுக்க பணம் முதல்ல ஏறும்."

"நீ எவ்வளவு வச்ச?"

"கொஞ்சமாத்தான்... மிச்சம் பிடிக்கலாம்னு."

"கூட வச்சா என்னலே?"

"கூலி தொகையப் பாத்து இல்ல மாமா, பாரத்தப் பாத்தாக்கும். நான் துண்டு துண்டா வாங்குனது. ஒவ்வொரு துண்டையும் தனியா எழுதணும். கூட வச்சா சேத்ததுல நல்ல பங்கு கூலிக்கே போயிரும். ஒரே துண்டா கோடி ரூவா அனுப்புறவனுக்கு நம்மளவிட கூலி கம்மி."

இது எனக்குப் புரிந்தது. ஒரு நெய்மீனைக் கரையேற்ற ஒரு சுமைகூலி. அதே விலைக்கு நெத்திலி என்றால் எத்தனை கூடை... எத்தனை கூலி!

எங்கள் கரையில் கோயிலுக்குத் தெறிப்பு உண்டு. பிடித்த மீனில் பங்கு. வெறும் வலையோடு வந்தவனிடம் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தக் கூலி அப்படியில்லை — எவ்வளவு விலைக்கு மீன் இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது.

சிறுகச் சிறுகச் சேர் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், நான் போன கொஞ்ச நாளில். சேர்த்ததை எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று சொல்லித் தந்தார்களா?

ஞாயிறு பூசை முடிந்தது. இஞ்சினை அந்தோணி கொண்டுபோனான். போகிற வழியில் என் முன்னால் நின்றான்.

"அண்ணே, கோவிக்காதேயும். நம்ம வள்ளத்துல ஒரு ஆள் குறையுது. வாறீரா?"

போனேன். வேறென்ன செய்ய?

ஜெரால்டின் பணம் வரிசையில் கிடந்து கிடந்து, கடைசியில் யாரும் ஏற்றாமல் அவனிடமே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் போன வாரப் போன்.

"பத்திரமா இருக்கு மாமா."

"இருக்கட்டும் மக்கா," என்று போனை வைத்தேன். அந்தோணி கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நல்ல இஞ்சின். ஒரே இழுப்பில் ஓடுகிறது.