விரல் மரத்தால் நல்லது என்று நினைத்தேன்

ஏனாத்தூரில் எங்கள் கல்லூரி விழா மேடையில் ஒருவன் கிட்டார் வாசித்துக்கொண்டே வலது கையால் மைக்கைச் சரிசெய்தான். சுரங்கள் நிற்கவில்லை. இடது கை விரல்கள் மட்டும் கம்பிகளில் விழுந்தும் விலகியும் அத்தனை வேகமாக ஒலியெழுப்பின. கைதட்ட மறந்து நின்றேன். இதை நானும் செய்தே தீருவேன் என்று அந்த இடத்திலேயே முடிவானது.

அடுத்த வாரமே பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. கைபேசிக் காணொளிகள்தான் பாடம். விரலால் கம்பியைக் குத்தி ஒலி வரவைப்பது ஹேமர்-ஆன். அதே விரலைச் சுண்டி விலக்குவது புல்-ஆஃப். லீட் (பாட்டின் நடுவே தனித்து ஒலிக்கும் கிட்டார் பகுதி) வாசிக்க இவை அரிச்சுவடி. மெட்ரோனோம் (தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் செயலி) போட்டு மெதுவாகப் பழகச் சொன்னார்கள். எனக்கு ஏது பொறுமை? அது ஒரு தட்டு தட்டுவதற்குள் நாலு சுரம் தாண்டியிருப்பேன்.

கம்பி விரல் நுனியை அறுக்கும், பிறகு தோல் காய்த்து மரத்துப்போகும், பயப்படாதீர்கள் என்று எல்லாக் காணொளியிலும் சொல்வார்கள். ஆகவே இடது கை விரல்கள் மரத்தபோது சந்தோஷப்பட்டேன். "மரத்துப்போச்சுடி, நான் பாஸ்!" என்று வகுப்புத் தோழி நிஷாவுக்குச் செய்தி அனுப்பினேன். அதற்குச் சில நாட்கள் முன்பு கடுமையான வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. இரண்டையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

பிறகு வலது கையிலிருந்து பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) நழுவ ஆரம்பித்தது. வலது கை கம்பியை அழுத்துவதே இல்லை. அது ஏன் மரக்க வேண்டும்? கேள்வி வந்தது. தள்ளிவைத்தேன்.

மறுநாள் மூங்கில் மண்டபம் அருகே பேருந்துக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து நிஷா கத்தினாள்.

"ஏ லூசு, ஒத்தச் செருப்போட எங்கடி போற? வேண்டுதலா?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கொதிக்கும் தார்ச்சாலையில் எவ்வளவு தூரம் அப்படி வந்தேன் என்று தெரியவில்லை. பேருந்துப் படியில் கால் ஏறவும் இல்லை. நிஷா சிரிப்பை நிறுத்திவிட்டு என் அப்பாவுக்கு போன் செய்தாள். அவர் உரக்கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு வந்தார்.

மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளவில்லை. நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தைப் பார்ப்பது) முடிந்ததும் கில்லன்-பாரே நோய் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடல் தன் நரம்புகளையே தாக்குவது) என்றார். அந்த வயிற்றுப்போக்குதான் இதைக் கிளப்பியிருக்கும் என்றும் சொன்னார். அப்பாவுக்குப் புரியவில்லை என்றதும் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னார்.

"ஜரிகைல நடுவுல நூல், மேல வெள்ளி சுத்தியிருக்கும் இல்லையா? நரம்பும் அப்படித்தான். நூல் அறுந்துபோகலை. மேல சுத்தினதுதான் உரியுது. திரும்பச் சுத்திக்கும், ஆனா நாளாகும்."

இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றத் தொடங்கினார்கள். பலவீனம் மேலேறி மூச்சுத் தசைகளைத் தொடுகிறதா என்பதுதான் இனிக் கவலை. "ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டே போம்மா," என்றார் மருத்துவர்.

செவிலியர் வரும்போதெல்லாம் எண்ண வேண்டும். எண்ணிக்கை இறங்கினால் தீவிர சிகிச்சைப் பிரிவு, தொண்டைக்குள் குழாய். அதைக் கேட்டதிலிருந்து அந்த எண் எனக்குப் பரீட்சை மார்க் ஆகிவிட்டது. மூச்சு சுருங்கச் சுருங்க எண்களை நெருக்கி அடுக்கினேன். முந்தைய எண்ணைத் தொட்டுவிட்டால் தப்பித்தேன் என்று கணக்கு.

அடுத்த நாள் மருத்துவர் எதிரே அப்படித்தான் எண்ணி முடித்தேன். அப்பா கட்டிலருகே நின்றிருந்தார்.

"டாக்டர், இது வேகமா எண்ணுது."

"சும்மா... இருப்பா," என்றேன். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே எனக்கு மூச்சு வாங்கியது.

"வூட்ல அந்த டிக்கு டிக்கு ஒருபக்கம் போவும், இது ஒருபக்கம் ஓடிக்கினு இருக்கும் டாக்டர். தெனமும் கேக்குறேனே. இப்பவும் அப்படித்தான் ஓடுது."

மருத்துவர் என்னையே பார்த்தார். "அந்த டிக்டிக் போன்ல இருக்கா?"

அப்பா என் போனில் மெட்ரோனோமைப் போட்டார். ஒரு தட்டுக்கு ஓர் எண். பன்னிரண்டில் நின்றேன். பதின்மூன்றுக்கு உதடு அசைந்தது, காற்று இல்லை. மருத்துவர் குரலை உயர்த்தாமல் ஐசியுவில் படுக்கை தயார்செய்யச் சொன்னார். தள்ளுகட்டிலோடு நடந்துவந்த அப்பா, "கோவமாம்மா?" என்று கேட்டார். தலையசைக்கப் பார்த்தேன். கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை.

அன்று மாலையே குழாய் வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் தயாராக இருந்ததால் உடனே வைத்தார்கள். வார்டிலேயே இருந்திருந்தால் தாமதமாகியிருக்கும்.

இந்த நோயோடு படுத்திருக்கும் ஒருவர் இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்வேன். எண்ணச் சொன்னால் மெதுவாக எண்ணுங்கள். குறைந்தால் குறைந்தது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

குழாயை எடுத்து, உட்கார்ந்து, நடைச்சட்டம் பிடித்து நடந்து, வீடு திரும்பியபின் இயன்முறை மருத்துவரிடம் (உடற்பயிற்சியால் தசையை மீட்பவர்) கிட்டார் தொடலாமா என்று கேட்டேன். "தொடு. களைப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடு," என்றார். களைப்புக்கு முன்னால் நிறுத்துவது எனக்குத் தெரியாத வித்தை.

"ஒரு சுரத்துக்கு இவ்ளோ நேரமா? நான் டீயே போட்டுக் குடிச்சிட்டேன்," என்கிறாள் நிஷா.

முன்பு நினைப்பதும் விரல் விழுவதும் ஒன்றாகவே இருந்தன. இப்போது நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. விரலிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். அது புறப்படுவது தெரிகிறது, பிறகு வந்து சேர்கிறது. அந்தக் காத்திருப்புக்குள் ஒரு முழுத் தட்டு போய்விடுகிறது. என் உடம்பு இவ்வளவு பெரியதென்று எனக்குத் தெரியாது.

ஹேமர்-ஆன் இரண்டு விரல்களில் வந்துவிட்டது. அடுத்தது பெண்டிங்: அழுத்திய கம்பியை மேலே தள்ளி, ஒரு சுரத்தை அடுத்த சுரம்வரை ஏற்றுவது. என் மோதிர விரலுக்குத் தனியாக அந்த பலம் கிடையாது. அதன் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் முட்டுக்கொடுத்து, மூன்றுமாகத் தள்ள வேண்டும். அரைச் சுரம் ஏறினால் போதும். நாளைக் காலை முயலப்போகிறேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் கடை திறப்பேன் என்கிறார் அப்பா.