இடது கையில் கட்டு

என்னைச் சினிமாவுக்குக் கூட்டிக்கிட்டுப் போக என் வீட்டுல யாருக்கும் தைரியம் கிடையாது. பக்கத்துல உக்காந்து தப்பு கண்டுபிடிச்சே படத்தைக் கெடுத்துடுவேனாம். கெடுக்கறது நானா, எடுத்தவனா? முந்தின நிமிஷம் பாதி குடிச்சு வெச்ச காபி டம்ளர் அடுத்த நிமிஷம் நிறைஞ்சு நின்னா, பாக்கறவ கண்ணைப் பொத்திக்கணுமா? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறேன்னு பிள்ளைங்க கிண்டல் பண்ணும். இந்தக் கண்ணு எனக்கு நெய்வேலியில வந்தது. அறுபதுகள்ல, கல்யாணமாகிப் போன புதுசுல. பூட்டின வீட்டுக்குள்ள ஒத்தையில கிடந்தா வேற என்ன செய்யறது? எது எங்க இருந்தது, எது நகர்ந்துதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.

ஆமா, பூட்டின வீடுதான். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸ்ல வேலை, மண்ணை வெட்டற பெரிய மிஷின்ல. ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசக்கதவை வெளியில பூட்டி, சாவியைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போயிடுவார். பின்பக்கச் சுவர் என்னை விட உசரம், அதுல இருந்த கதவுக்கும் வெளிப்பூட்டு. கேட்டா, புது ஊரு, பிளாக் முழுக்க எங்கெங்கேருந்தோ வந்த ஜனங்க, கான்ட்ராக்ட் ஆளுங்க போறதும் வாரதுமா இருக்காங்க, உனக்கு ஒண்ணுன்னா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றதும்பார். அடிச்சதில்ல, திட்டினதில்ல. சம்பளத்தன்னிக்கு மறக்காம அல்வா வாங்கிட்டு வருவார். அதனாலதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனா இருந்திருந்தா வாய் நிறையத் திட்டித் தொலைச்சிருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா கடலூர்ப் பக்கம். ஜன்னல்ல வந்து நின்னு, "இன்னா பண்ணிக்கினு கீற?"ன்னு கேக்கும். என்னத்தப் பண்ணுவேன்? குழம்பு கொண்டுவந்தா கிண்ணம் கம்பிக்குள்ள நுழையாது, டம்ளர்ல ஊத்தித் தரும். அப்பளம்னா ரெண்டா உடைச்சுத்தான் தரணும். உடைஞ்ச அப்பளத்தைக் கையில வாங்கும்போதெல்லாம் எனக்கு அவமானமா இருக்கும். அந்தக்கா ஒரு நாளும் என்னைப் பரிதாபமாப் பாத்ததில்ல, அதுக்காகவே அதைக் கும்பிடலாம்.

ஒரு நாள் காலையில ஆறு மணி ஷிப்டுக்குப் போனவர் ரெண்டு மணிக்குத் திரும்பல. அவரை விடுவிக்க வரவேண்டிய ஆள் அன்னிக்கு வரலியாம். மிஷினை அப்படியே விட்டுட்டு இறங்க முடியாது, அடுத்த ஷிப்டும் அவரே பாக்கணும். அது மைன்ஸ்ல சகஜம். எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். நெருப்பாக் கொதிச்சுது. அக்கா வீட்டுல யாருமில்ல, மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. பதினாறு மணி நேரம் கதவுக்குப் பின்னால தரையில கிடந்தேன். அவர் வந்து திறந்து, நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு அழுதார். நான் அழல. அந்தத் தரையில கிடந்தபோதே முடிவு பண்ணிட்டேன். இன்னொரு சாவி எப்படியாவது கைக்கு வரணும். வந்ததும் மந்தாரக்குப்பத்துல பஸ் ஏறி விருத்தாசலம், அங்கேருந்து ரயில், தென்காசி. அம்மா மடிச்சுக் குடுத்த ரெண்டு நோட்டு டிரங்குப் பெட்டி அடியில இருந்தது.

சாவி கேட்டேன். இன்னொண்ணு தொலைஞ்சு போச்சுன்னார். தொலையல, வேலை செய்யற இடத்துல அவர் பெட்டியில இருந்ததுன்னு முன்னால அவரே வாய்தவறிச் சொல்லி எனக்குத் தெரியும். அதோட சாவிப் பேச்சு நின்னுபோச்சு.

அந்த மாசந்தான் மைதானத்துல ஒரு இங்கிலீஷ் படம் போட்டாங்க. ஷிப்டுக்குப் போனவங்க விட்டுடக் கூடாதுன்னு ஒரே படத்தை ரெண்டு நாள் சாயந்திரம் போடுவாங்க. இன்னிக்குக் குழந்தைங்க டைனோசர்னு சொல்லுதே, அந்த மிருகம். நோட்டீஸ்ல ராட்சசப் பல்லின்னு அடிச்சிருந்தான். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியல. நாங்க வெட்டற நிலக்கரி இந்த மிருகங்க உலாத்தின காட்டு மரந்தான்னு போற வழியெல்லாம் எனக்கும் அக்காவுக்கும் பாடம். (அது தப்பு, நம்ம நிலக்கரி அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாலன்னு என் மகன் பாடப்புத்தகத்தைப் பாத்து வருஷங்கழிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.)

படத்துல ஒரு பேராசிரியர், அவர் மகள், அவளைக் காதலிக்கறவன், இன்னும் ரெண்டு பேர். கப்பல் உடைஞ்சு ஒரு தீவுல மாட்டிக்கறாங்க. மிருகம் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அது உடும்பு! எங்க ஊர்ப் பொத்தைக் குன்றுல நான் பாக்காத உடும்பா? முதுகுல அட்டையில என்னவோ வெட்டி ஒட்டியிருக்கான். ஓடும்போது அந்த அட்டை ஒரு பக்கமாச் சாஞ்சுடுது, அடுத்தாப்புல பாத்தா விறைச்சு நிக்குது. பேராசிரியர் தொப்பியை ஆறு அடிச்சுக்கிட்டுப் போகுது, கரை ஏறினா தலையில தொப்பி. நனைஞ்சவங்க சட்டை இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. பத்து நாளாக் காட்டுல கிடக்கறவனுக்கு முகத்துல ஒரு முடி இல்ல, தீவுல எந்த நாவிதன் இருந்தானோ. எல்லாத்துக்கும் மேல அந்தப் பொண்ணு. மிருகம் பிராண்டினதுல இடது கையில ரத்தம். காதலன் அவ சட்டைக் கையைக் கிழிச்சுக் கட்டுப் போடறான். அவ ஒரு பாறையைத் தாண்டறா. தாண்டினதும் கட்டு வலது கையில, கிழிச்ச சட்டை முழுசா!

வாய்விட்டே சொல்லிட்டேன். முன்னால இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப் போச்சு. திரும்பி நடக்கும்போது சண்டை. கோடிக்கணக்குல செலவழிச்சு வெள்ளைக்காரன் எடுத்திருக்கான், அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுதா, முதல்லேருந்தே வலது கைதான்னார். காதுல பூ சுத்தறான், நீங்களும் காதைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னேன். அக்கா முன்னால அப்படிச் சொன்னதுல அவருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்தது.

"நாளைக்கும் இதே படந்தானே? இடது கையில கட்டு இருக்கட்டும், நீ என்ன கேட்டாலும் தரேன்."

"சாவி," என்றேன்.

அவர் நடை நின்னுபோச்சு. அக்கா பாத்துக்கிட்டு நின்னுது. பின்வாங்க முடியாம, சரின்னார்.

மறுநாள் பகல் முழுக்க பூட்டின வீட்டுல ஒரு மஞ்சப்பையில சேலை ரெண்டை மடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சோறு இறங்கல. சாயந்திரம் போனோம். ஒவ்வொரு தப்பும் வரிசையா அதே இடத்துல வந்துது. தொப்பி வந்தது, சாஞ்ச அட்டை வந்தது. கட்டுப் போடற இடம் நெருங்குச்சு. அந்த நேரத்துல நான் பண்ணின முட்டாள்தனத்தை நெனச்சா இன்னிக்கும் தலையில அடிச்சுக்கத் தோணும். அவர் முகம் எப்படி மாறுதுன்னு பாக்க ஆசைப்பட்டு, திரையை விட்டுட்டு அவர் பக்கம் திரும்பினேன். முந்தின நாள் ஆட்டம் முடிஞ்சு திருப்பிச் சுத்தும்போது பிலிம் அந்த இடத்துல அறுந்து, ஆபரேட்டர் வெட்டி ஒட்டியிருந்திருக்கான். கட்டுப் போடறது கண் சிமிட்டற நேரந்தான். டக்குனு ஒரு குதி. நான் திரும்பறதுக்குள்ள பாறையைத் தாண்டிட்டா. வலது கையில கட்டு.

அவர் வாய் லேசாத் திறந்து மூடினதை மட்டும் நான் பாத்தேன். அக்காவைக் கேட்டா, புள்ளைக்கு வேர்க்கடலை உரிச்சுக்கினு இருந்தேன், கவனிக்கலன்னுது.

"வலது கைதான்," என்றார் அவர்.

நான் என்னன்னு சண்டை போடறது? பாக்கவேண்டியவ பாக்கலியே. வீட்டுக்கு வந்தோம். மஞ்சப்பையைப் பெட்டிக்குப் பின்னால தள்ளிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சோறு போட்டேன். அவர் பாதியில எழுந்துட்டார்.

காலையில அஞ்சேகாலுக்கு வழக்கம்போல பூட்டற சத்தம். சைக்கிள் சத்தம் வரல. ஜன்னல்ல வந்து நின்னார். கம்பிக்கு நடுவுல ஒரு சாவியை வெச்சார். தொலைஞ்சு போச்சுன்ன அந்தச் சாவி. பந்தயத்துக்காக முந்தின நாளே வேலையிடத்துலேருந்து எடுத்துட்டு வந்திருக்கணும்.

"இருந்துச்சு. இடது கையிலதான் இருந்துச்சு," என்றார். "நீ ஊருக்குப் போயிடுவியோன்னு பயந்துதான் பூட்டினேன். முதல் நாள்லேருந்தே அந்தப் பயந்தான். போயிடுவியா?"

சாவியைக் கையில எடுத்தேன். ஷிப்டுச் சங்கு ஊதிடுச்சு. பதிலுக்கு நிக்காம சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அப்புறந்தான் பாத்தேன், பழக்க தோஷத்துல கதவைப் பூட்டிட்டுத்தான் சாவியைக் குடுத்திருக்கார். பூட்டு வெளியில, சாவியோட நான் உள்ள. சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன்.

விடிஞ்சதும் அக்கா வந்துது. கம்பி வழியாச் சாவியைக் குடுத்தேன். அது ஒண்ணும் கேக்காம திறந்துட்டு, என் கையில இருந்த மஞ்சப்பையைப் பாத்துட்டு, வெயிலுக்கு முன்ன கிளம்புன்னு மட்டும் சொல்லிச்சு. மந்தாரக்குப்பம் வரைக்கும் நடந்தேன். ஒத்தையில அத்தனை தூரம் நான் நடந்ததே அன்னிக்குத்தான். விருத்தாசலம் பஸ் வந்து நின்னுது. கண்டக்டர் ஏறச் சொன்னார். ஒரு காலைப் படியில வெச்சேன். ரெண்டு மணிக்கு அவர் வந்து, திறந்து கிடக்கற வீட்டு முன்னால நிக்கறது கண்ணுல வந்துது. பொய்யிலயே நின்னிருந்தார்னா சுவரேறிக் குதிச்சாவது போயிருப்பேன். உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டாரே பாவி. பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ஸும் போயிடுச்சு. திரும்பி வந்து உலை வெச்சேன்.

ரெண்டேகாலுக்கு வந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. கேட்டுக்கு வெளியில சைக்கிளைப் பிடிச்சபடி நின்னுட்டார், உள்ள வரல. நான் அடுக்களையிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு விட்டேன்.

"இருக்கியா?" வெளியிலேருந்தே கேட்டார்.

"இருக்கேன்."

அன்னிலேருந்து எங்க வீட்டுல வெளிப்பூட்டு இல்ல. அன்பாலதான் நான் திரும்பி வந்தேன்னு சாகற வரைக்கும் அவர் நம்பினார். எனக்கு அன்னிக்கு அவர் மேல இருந்தது இரக்கம், வேற ஒண்ணுமில்ல. தன் பொய்யை ஒரு ராத்திரி கூட வெச்சுக்க முடியாம ஜன்னல்ல வந்து சொன்ன மனுஷன்கிட்ட, அது இரக்கந்தான்னு முப்பத்தெட்டு வருஷம் நான் சொல்லல.