காளான் அன்றைக்கு முதல் பந்தி

அக்கா வீட்டு அடுக்களைச் சுவரில் ஒரு பலாமரப் பலகை சாய்ந்திருக்கும். அத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிற பலகை. சாப்பாட்டு நேரத்தில் அது தரையில் கிடந்தால் வீட்டில் வழக்கமான குழம்பு. சுவரிலேயே சாய்ந்திருந்தால் காளான். அத்தானைப் பற்றிச் சொல்ல அந்தப் பலகை ஒன்று போதும்.

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தென்காசியில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். இலஞ்சியில் அக்கா வீட்டில் தங்கல். அத்தான் மரக்கடைக் கணக்குப்பிள்ளை. சித்திரையில் இடி இடித்து ஒரு மழை பெய்துவிட்டால் மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்தருவிப் பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஓலைப்பெட்டியைச் சுமக்க நான். குனிந்து பிடுங்கியதைவிட அவர் நிமிர்ந்து நின்று பேசியதுதான் அதிகம். "ஏலே, மலையில உள்ள காளான் அத்தனைக்கும் என்னையத் தெரியும்" என்பார். கரையான் புற்றில் முளைத்ததா, மக்கிய மரத்தில் முளைத்ததா என்று நான் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எனக்குப் பயம் கூடப்பிறந்தது. "இது நல்லதுதானா அத்தான்?" என்று கேட்டால், "பள்ளிக்கூடத்த விட்டு ஓடிவந்த பயலுக்கு விளக்கம் வேற சொல்லணுமோ?" என்று நடையைக் கட்டுவார். சொல்வதற்கு அவரிடம் விளக்கம் எதுவும் இல்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

மற்ற நாட்களில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே அக்கா தட்டைத் தொடலாம். காளான் அன்றைக்கு மட்டும் சட்டம் மாறும். உள்ளியும் நல்லமிளகும் வதங்குகிற வாசனை கிளம்பியதும், வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏட்டி, நீ முதல்ல சாப்பிடு. எனக்கு என்ன அவசரம்?" என்பார். பிறகு நிதானமாக வெற்றிலை போடுவார். "பொண்டாட்டிக்கு மொதச் சோறு குடுக்குற ஆம்பளைய நான் எங்கலே கண்டேன்" என்று எதிர்வீட்டு ஆச்சி என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவரைச் சொல்லிக் காட்டிப் புருஷனிடம் ஏச்சு வாங்கிய பெண்கள்கூட அந்தத் தெருவில் உண்டு. நான் அவர் கண்ணை மட்டும் பார்ப்பேன். மென்றுகொண்டே கதவிடுக்கு வழியாக அக்காவின் முகத்தையே கவனித்துக்கொண்டிருப்பார். விஷம் இருந்தால் வெற்றிலை துப்புவதற்குள் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. விஷம் ராத்திரி வரை பொறுத்திருக்கும் என்பதுகூட அந்த மேதைக்குத் தெரியாது. கோழை என்பதற்காக நான் அவரை இளப்பமாக நினைக்கவில்லை, நானும் கோழைதான். கோழைத்தனத்தை வைத்துக்கொண்டு பெருந்தன்மை என்று பேர் வாங்கினாரே, அதைத்தான் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

அக்கா வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்த வருஷம் அவர் பிடுங்கியது நான் பார்த்தே இராத இனம். தண்டின் அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஓர் உறை. வழியெல்லாம் ஓலைப்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். குழம்பு இறங்கியதும் வாசலில் அதே குரல்: "ஏட்டி, பிள்ளத்தாச்சி, நீ முதல்ல." அக்கா தட்டை எடுத்துவிட்டாள்.  நான் பலகையை எடுத்து நடுவீட்டில் போட்டேன்.

"அத்தான், இன்னைக்கு நீங்க உக்காருங்க. அக்கா பெறவு சாப்பிடட்டும்."

உப்பு வாங்க வந்த ஆச்சியும் நின்று பார்த்தாள். அத்தான் பலகையைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "எனக்கு இன்னைக்கு விரதம்லா" என்றார்.

"காட்டுலேருந்து வந்ததும் பழையது குடிச்சீரே" என்றாள் ஆச்சி.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மரக்கடைக்குப் போய்விட்டார். அக்கா தட்டைக் கீழே வைத்தாள். கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். பிறகு சட்டியைக் கொண்டுபோய் எருக்குழியில் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளினாள். அதற்கப்புறம் அந்த வீட்டு அடுப்பில் காட்டுக் காளான் ஏறவில்லை. அத்தான் காட்டுக்குப் போவதையும் விட்டார். தெருவில் மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டார்.

அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளை தென்காசியில் வீடு கட்டிவிட்டான். பலகை போய் மேஜை வந்துவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது பாக்கெட் காளான் வாங்கி வந்திருந்தான், பண்ணையில் வளர்த்தது. அக்காவையும் அத்தானையும் தவிர எல்லாரும் சாப்பிட்டு எழுந்துவிட்டோம். எண்பதைத் தாண்டிய அத்தான் தம் நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஏட்டி, நீ முதல்ல சாப்பிடு. எனக்கு என்ன அவசரம்?" என்றார்.

"இந்த வயசுலயும் மாமாவுக்கு அத்தை மேல எவ்வளவு பிரியம்" என்றாள் மருமகள்.

அக்கா உட்கார்ந்தாள். நிதானமாகச் சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். பிறகு சட்டியையே பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அத்தான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நாற்காலியை இழுத்தபோது, அவள் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல காளான்தான்" என்றாள். "உங்களுக்கு மோர் இருக்கு."